"தெரியவில்லை" என்றால் அப்படியே எழுதுங்கள்

காவிரி டெல்டா மாவட்டங்களின் ஸ்கேன் மைய நிர்வாகிகளுக்கும், அங்கு ரிப்போர்ட் எழுதும் ரேடியாலஜி மருத்துவர்களுக்கும்,

வணக்கம். குடலில் காற்றை ஏற்றிப் பாலிப் (உட்சுவரில் வளரும் சதைத் திரட்சி) தேடும் பெருங்குடல் சிடி ஸ்கேனின் ரிப்போர்ட் ஒன்று வந்தது: "குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை." படத்தைத் திறந்தால் மல்லாக்கப் படுக்கவைத்து எடுத்த வரிசை மட்டுமே. மலக்குடலுக்கு மேலே வளைந்து கிடக்கும் சிக்மாய்டு பகுதியில் காற்றே ஏறவில்லை, சுவரோடு சுவர் ஒட்டிக் கிடக்கிறது. அதற்குள் மாற்றம் இல்லை என்று எப்படிக் கண்டீர்கள்?

வேதாரண்யத்திலிருந்து தஞ்சாவூருக்கு வரும் நடவாள் ஒருவர் படும் பாடு உங்களுக்குத் தெரியாததல்ல. முந்தின நாள் முழுக்கக் கஞ்சித் தண்ணி, பேதி மருந்து, ராத்திரி கொல்லைக்கு ஓட்டம், விடிந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பஸ். நடவு நேரத்துக் கூலியும் போச்சு. "எல்லாம் மறுபடியும் செய்யணும்" என்று அவரிடம் சொல்வது நாங்கள்தான், நீங்கள் அல்ல.

மல்லாந்தும் குப்புறவும் இரண்டு வரிசை எடுங்கள். இரண்டிலும் ஒரே பகுதி ஒட்டியிருந்தால் ஒருக்களித்து இன்னொன்று. ஸ்கேனுக்கு முன் எடுக்கும் ஸ்கவுட் படத்திலேயே காற்று போதவில்லை என்று தெரியும். ஆளை மேசையில் வைத்தே இன்னும் கொஞ்சம் ஏற்றலாம்.

திரும்பிப் படுத்தால் மலத்துண்டு பெரும்பாலும் இடம் மாறும், பாலிப் ஒட்டிய இடத்திலேயே நிற்கும். ஆனால் காம்புள்ள பாலிப்பும் ஆடும், குடலே திரும்பிக்கொள்வதும் உண்டு. ஆகவே மலத்தின் அடையாளமாக உள்ளே காற்றுப் புள்ளி இருக்கிறதா, மலத்தை வெளுப்பாகக் காட்ட முன்னரே குடிக்கக் கொடுக்கும் பேரியம் ஏறி வெளுத்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பேரியம் பாலிப்பின் மேலும் மெல்லிய பூச்சாகப் படியும். உள்ளே சாம்பல் நிறமென்றால் விட்டுவிடாதீர்கள். 3டி-யில் மட்டும் சுற்றிவந்தால் நீருக்கடியில் மூழ்கிய பாலிப் கண்ணில் படாது. 2டி படங்களையும் அகல விண்டோவில் (அதிக அடர்த்தி வீச்சைக் காட்டும் அமைப்பில்) பாருங்கள்.

புது மெஷின் வந்ததென்று பஸ் ஸ்டாண்டு முழுக்க பேனர். இரண்டாவது வரிசை எடுக்க மட்டும் அந்த மெஷினுக்கு நேரமில்லை போலும்! ரிப்போர்ட் அரை மணியில் வாட்ஸ்அப்பில் வருகிறது. வேகத்தில் குறையே இல்லை.

சரி, கோபத்தை விடுவோம். 6 மி.மீ. முதல் எதுவானாலும் அளவு, பகுதி, எந்தெந்த வரிசையில் தெரிந்தது, படத்தின் எண் எல்லாம் வேண்டும். அளக்கும்போது காம்பைச் சேர்க்காதீர்கள். 10 மி.மீ. அல்லது அதற்கு மேல் என்றால் கொலனோஸ்கோபிக்கு (கேமராக் குழாயால் குடலைப் பார்க்கும் பரிசோதனைக்கு) அனுப்புவோம். 6 முதல் 9 வரை ஒன்றிரண்டு என்றால் நோயாளியோடு பேசி முடிவெடுக்கலாம். "சிறிய பாலிப்" என்று மட்டும் எழுதினால் எங்கே அனுப்புவது?

படம் போதாவிட்டால், பெருங்குடல் சிடி முடிவுகளை வகைப்படுத்தும் சி-ராட்ஸ் முறையில் அதற்கென்றே சி0 என்ற வகை இருக்கிறது. எந்தப் பகுதி தெரியவில்லை என்று சொல்லி அதை எழுதுங்கள். இரண்டு வரிசையும் இல்லாமல் "மாற்றம் இல்லை" என்று கையெழுத்திட வேண்டாமென்று தயவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் ரிப்போர்ட்டை வைத்துச் சிகிச்சை முடிவு செய்பவர்கள்