வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது

கயல்மா,

மெல்பர்னிலிருந்து நீ அனுப்பிய செய்தியைக் கோப்பிக்கடையில் உட்கார்ந்து மூன்று தடவை படித்தேன். "அப்பா, டிராக்ல கார் ஓட்டக் கத்துக்கப் போறேன். பிலிப் ஐலண்டா, சாண்டவுனா, விண்டனா, எங்க போகட்டும்?" மூன்றும் உன் பக்கத்துப் பந்தயத் தடங்கள். குரல் பதிவில் பதில் சொல்லலாம் என்று நாலு நிமிடம் பேசிவிட்டு அழித்துவிட்டேன். பின்னால் தட்டு கழுவுகிற சத்தம்தான் அதிகமாகக் கேட்டது. அதனால் எழுதுகிறேன்.

போகாதே என்று சொல்லப் போவதில்லை. அம்மா சொல்லுவாள், அது வேறு.

நம்ம சிங்கப்பூரில் 'சர்க்கிட்' என்றால் ஓட்டுநர் பயிற்சி நிலையத்துக்குள் இருக்கும் சர்க்கிட்தான். எஸ் மாதிரி வளையும் எஸ் கோர்ஸ், செங்குத்தாகத் திரும்பும் கிராங்க் கோர்ஸ், மேட்டில் நிறுத்தி எடுப்பது. முதல் தேர்வில் கிராங்க்கில் உன் பின்சக்கரம் ஓரக்கல் மேல் ஏறியது, அந்த இடத்திலேயே பெயில். இரண்டு நாள் என்னோடு நீ பேசவில்லை. முந்தின ராத்திரி சாப்பாட்டு மேசையில் தீப்பெட்டியைக் காராக வைத்து, "இடம் தாராளமா இருக்கும்மா" என்று விளக்கியவன் நான். பிறகு நீ லைசென்ஸ் எடுத்து, எக்ஸ்பிரஸ்வேயில் வண்டிகளுக்கு நடுவே நுழையும்போதெல்லாம் நான் பக்கத்தில் இருந்து கத்தினேன். என்னைவிட மோசமான வாத்தியார் கிடையாது. கார் பந்தய வீரர் நாராயண் கார்த்திகேயனின் அப்பாவே ராலி ஓட்டியவர். அப்படியிருந்தும் பையன் கோயம்புத்தூரிலிருந்து பிரான்சில் வின்ஃபீல்ட் பள்ளிக்குப் போய்த்தான் கற்றுக்கொண்டார். 2005இல் ஃபார்முலா ஒன்னுக்கே போனார். ஆக, அப்பாவிடம் கற்றுக்கொள்ளாதது உன் குற்றமில்லை.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்று இருக்கிறது.

2004 என்று நினைக்கிறேன், நீ தொடக்கப்பள்ளியில் இருந்தாய். ஒர்க்‌ஷாப் வாடிக்கையாளர் ஒருவர் மலேசியாவின் சிப்பாங் பந்தயத் தடத்தில் டிராக் டேக்கு, அதாவது சொந்த வண்டியைத் தடத்தில் ஓட்டிப் பார்க்கும் நாளுக்கு, பதிந்திருந்தார். வண்டியைத் தயார் செய்தது நான். புது பிரேக் பேட் போட்டேன், டயர் பார்த்தேன், வீல் நட்டையெல்லாம் டார்க் ரெஞ்ச் வைத்து முறுக்கினேன். பிரேக் ஆயில் டப்பா மூடியைத் திறந்து பார்த்தால் பால் விடாத டீ-ஓ நிறத்தில் இருந்தது. "போன வருசம்தான் மாத்தினேன்" என்றார் அவர். மணி ஏழாகிவிட்டது, மறுநாள் விடிவதற்குள் மலேசியாவுக்குப் போகும் காஸ்வே பாலத்தைத் தாண்ட வேண்டும். மூடியை மூடிவிட்டேன்.

நாலாவது சுற்று. வண்டிகளை நிறுத்திப் பார்க்கும் பிட்டின் சுவர் ஓரம் நான் நிற்கிறேன். மெயின் ஸ்ட்ரெயிட்டில், அந்த நீண்ட நேர்பாதையில், முழு வேகத்தில் வந்தார். முதல் வளைவுக்கு முன்னால் பிரேக் விளக்கு எரிந்தது, வண்டி குறையவில்லை. விளக்கு அணைந்தது, மறுபடி எரிந்தது, மறுபடி அணைந்தது. காலால் பம்ப் பண்ணுகிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. நேராகப் போய்ச் சரளைக்கல்லுக்குள் இறங்கி, புழுதி அடங்கியபோது டயர் சுவருக்கு ஒரு பத்தடி முன்னால் அச்சு வரை புதைந்து நின்றது. இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றிச் சிரித்தார் மனிதர். நான் பிட்டுக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தேன். அந்த நிறத்தை நான் பார்த்தேன், பார்த்தும் விட்டேன் என்பது அவருக்குத் தெரியாது.

பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கும். நம்மூர்க் காற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். டாட் 4 என்ற தரத்து பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறியதற்கு அதே விதி 155 டிகிரியோடு நின்றுவிடுகிறது. சாதாரணமாகச் சாலையில் அந்தச் சூடு வராது. டிராக்கில் நாலே சுற்றில் வந்துவிடும். கொதித்தால் குழாய்க்குள் ஆவிக்குமிழி. ஆயிலை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். பெடல் பஞ்சு மாதிரி தரைக்குப் போகும்.

அன்றைக்கு அவரைக் காப்பாற்றியது நானுமில்லை, அவர் கைத்திறனுமில்லை, அந்தச் சரளைக்கல். அதனால் எந்த டிராக் என்று நீ கேட்டால் நான் வளைவைப் பார்ப்பதில்லை, வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்றுதான் பார்ப்பேன்.

சின்னப் பையனாக நம்மூர் அப்பர் தாம்சன் சாலையில் கார் பந்தயம் பார்த்தவன் நான். 1973தான் கடைசி. தாத்தா என்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டார், எனக்குச் சத்தம்தான் ஞாபகம். சாதாரணச் சாலையை மூடிவிட்டு ஓட்டினார்கள். ஓரத்தில் மரம், விளக்குக்கம்பம், பஸ் ஸ்டாப், பெரிய சாக்கடை. தவறினால் அதில் ஏதோ ஒன்று. உயிர்களும் போயின. இப்போது பழைய அப்பர் தாம்சன் சாலையில் குரங்குகள்தான் உட்கார்ந்திருக்கின்றன. போன வாரம் அந்த வழியாகப் போனபோது வண்டியை மெதுவாக்கி அந்த மரங்களைப் பார்த்தேன். எவ்வளவு பக்கத்தில் நிற்கின்றன!

இனி உன் மூன்று இடம். வீடியோ போட்டுப் பார்த்தே இரண்டு ராத்திரி போய்விட்டது. பிலிப் ஐலண்ட் அழகு, ஒப்புக்கொள்கிறேன். கடலோரம், 4.445 கிலோமீட்டர், மோட்டோஜிபி பைக் பந்தயத்துக்குப் பேர்போன இடம். ஆனால் அங்கே வளைவுகளே வேகமானவை. நீண்ட ஸ்ட்ரெயிட் முடிந்ததும் வரும் முதல் வளைவையே நல்ல வேகத்தில் எடுக்க வேண்டும். கடல்காற்று வேறு தள்ளும். புதிதாகக் கற்பவளுக்கு அங்கே தவறு செய்யக்கூட நேரமிருக்காது. சாண்டவுன் உனக்குப் பக்கம், காலையில் கிளம்பிப் போய்விடலாம். குதிரைப் பந்தயத் திடலைச் சுற்றிப் போகிறது. இரண்டு நீண்ட ஸ்ட்ரெயிட், ஓரத்தில் கான்கிரீட் சுவர். எனக்கு வேண்டாம்.

விண்டன் போ. படத்தில் பார்த்தால் கவர்ச்சியாக ஒன்றுமில்லை. மூன்று கிலோமீட்டருக்குள் 12 வளைவு, வேகம் ஏறுவதற்குள் அடுத்தது வந்துவிடும். விலகிப் போனாலும் பெரும்பாலும் புல். வளைவுகளில் பழகத்தானே போகிறாய்? ஒரு மணி நேரத்தில் மற்ற இடத்தைவிட அதிகம் திரும்பிப் பழகுவாய். மெல்பர்னிலிருந்து இரண்டரை மணி நேரம் ஆகுமாமே. முந்தின நாளே போய் பெனல்லாவில் தங்கு. முடிந்தபின்னும் உடனே கிளம்பாதே. நாள் முழுக்க டிராக்கில் ஓட்டிவிட்டு நெடுஞ்சாலையில் ஏறினால் 110 கூட நடக்கிற மாதிரி இருக்கும், கால் தானாக அழுத்தும்.

டிராக்கில் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளி விஷயத்தில் விளம்பரத்தைப் பார்க்காதே, போன் போட்டுப் பேசு. எனக்குத் தெரிய வேண்டியது இவ்வளவுதான்: பயிற்றுநர் உன் பக்கத்து சீட்டில் எல்லா சுற்றிலும் உட்காருவாரா, முதல் சுற்றோடு இறங்கிவிடுவாரா? ஒரு பயிற்றுநருக்கு எத்தனை பேர்? புதியவர்களைத் தனியாக விடுகிறார்களா? முந்துவது ஸ்ட்ரெயிட்டில் மட்டும், அதுவும் முன்னால் போகிறவர் கை காட்டினால் மட்டும் என்று விதி வைத்திருக்கிறார்களா? தண்ணீர் விட்டு வழுக்க வைத்த தளம் இருந்தால் அதற்குக் கூடுதலாகக் காசு கொடுக்கலாம். 40 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி சறுக்குவதை உடம்பு தெரிந்துகொள்ளட்டும். முதல் நாளே சுற்று நேரம் குறித்துக் கொடுப்போம் என்று பெருமையாகச் சொன்னால் போனை வைத்துவிடு.

நல்ல வாத்தியார் எப்படியிருப்பார் என்று ஒருவரைப் பார்த்திருக்கிறேன். சிப்பாங்கில் வயதான மலாய்க்காரர், எல்லோரும் பாக்சிக் என்போம், மலாயில் மாமா மாதிரி. பிட்டுக்குப் பின்னால் காலி இடத்தில் கூம்புகளை வைத்து, கற்றுக்கொள்ள வந்த ஒரு பையனை மெதுவாக ஓட்டச் சொன்னார். அதற்குமுன் முன்கண்ணாடியின் கீழ்ப்பாதியில் பழைய நாளிதழை ஒட்டினார். பானட்டும் தெரியாது, முன்னாலிருக்கும் கூம்பும் தெரியாது, தூரத்தில் இருப்பதுதான் தெரியும். பத்து நிமிடம் தடுமாறினான் பையன். பிறகு ஸ்டியரிங் சீராகத் திரும்ப ஆரம்பித்தது. அந்த மனிதர் வேகம் என்ற வார்த்தையையே சொல்லவில்லை.

உன் டொயோட்டா 86 பின்சக்கரம் தள்ளுகிற வண்டி, அதனால் இது ஒன்றை மட்டும் நானே சொல்லி வைக்கிறேன். டயரின் பிடி மாதச் சம்பளம் மாதிரி. பிரேக்குக்கே எல்லாம் கொடுத்துவிட்டால் திரும்புவதற்கு மிச்சமிருக்காது. நேராக இருக்கும்போதே பிரேக் பிடித்து முடி, பிறகு திரும்பு. வளைவின் நடுவில் பயம் வந்து ஆக்சிலேட்டரிலிருந்து காலை வெடுக்கென்று எடுத்தால் எடை முன்னால் போய்ப் பின்புறம் கழன்றுவிடும். மற்றதைப் பக்கத்தில் உட்காருபவர் சொல்லட்டும்.

பள்ளியின் வண்டியே கிடைத்தால் முதல் தடவை அதையே எடு. சேதமானால் நீ எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று கையெழுத்துப் போடுமுன் படி. உன் வண்டி என்றால் சாலைக்கு எடுத்த இன்சூரன்ஸ் டிராக்குக்கு பெரும்பாலும் செல்லாது, கேட்டுக்கொள். ஹெல்மெட்டில் எஸ்ஏ என்று போட்டிருக்கிறதா பார், அதுதான் கார் பந்தயத்துக்கான முத்திரை. எம் என்றால் மோட்டார்சைக்கிளுக்கு, உள்துணி தீயைத் தாங்காது. பருத்திச் சட்டை, மூடிய ஷூ. கடைசிச் சுற்றை பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டி ஆறவிடு. பிட்டுக்கு வந்ததும் ஹேண்ட்பிரேக் போடாதே, சூட்டில் பேட் டிஸ்க்கோடு ஒட்டிக்கொள்ளும். கியரில் விட்டு நிறுத்து.

போவதற்கு முந்தின வாரம் பிரேக் ஆயிலை மாற்று. மாற்றினேன் என்று ஒர்க்‌ஷாப்காரன் வாயால் சொல்வதை எடுத்துக்கொள்ளாதே, நானும் ஒர்க்‌ஷாப்காரன்தான். பக்கத்தில் நின்று பார். பிறகு டப்பா மூடியைத் திறந்து உள்ளே தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்பு. ராத்திரி எத்தனை மணியானாலும் பரவாயில்லை, பார்த்துவிட்டுத்தான் படுப்பேன்.

அம்மாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. அது உன் வேலை.

அப்பா
ஈசூன்