ஜூஸ் வாரம் வேணாம் பாப்பா

இராயபுரம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுறேன். பல மாசம் விட்டுப்போன உடற்பயிற்சியை மறுபடி ஆரம்பிக்கப் போறேன்னு நீ சொன்னதுல எனக்கும் அம்மாவுக்கும் ரொம்ப சந்தோஷம். ஆனா அதுக்கு முன்னாடி ஏழு நாள் வெறும் ஜூஸ் குடிச்சு டீடாக்ஸ் பண்ணப் போறேன்னியே, அது வேணாம்மா. எண்ணூர் அனல்மின் நிலையச் சாம்பலையும் மணலி ஆலைப் புகையையும் சுவாசிச்சு வளர்ந்த உடம்பு, முதல்ல அதைக் கழுவணும்னு காரணம் சொன்னே. அந்தக் கவலை நியாயமானது. ஜூஸ் அதைக் கழுவாது, அவ்வளவுதான்.

மூச்சுல போன தூசி நுரையீரல்ல இருக்கு. மூச்சுக்குழாய்ல உள்ள நுண்மயிர்கள் அதைச் சளியோட சேர்த்து மேல தள்ளும். ஆழத்துக்குப் போனதை அங்க இருக்குற செல்கள் விழுங்கும். வயித்துக்குள்ள ஊத்துற சாறுக்கு அங்க வேலையே இல்ல. ஈயம் மாதிரி உலோகம் சேர்ந்திருந்தா பெரும்பகுதி எலும்புல தங்கிடும். சந்தேகமா இருந்தா ரத்தத்துல ஈயம் எவ்வளவுன்னு டெஸ்ட் எடுக்கலாம். ரொம்ப அதிகமா இருந்தா அதை இறக்க ஆஸ்பத்திரியில மருந்து இருக்கு. நம்ம கையில இருக்குறது வேற ஒண்ணு. இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் குறைஞ்ச உடம்பு ஈயத்தைக் குடல் வழியா அதிகமா உறிஞ்சும். அதனால முருங்கைக்கீரை, கேழ்வரகு, முள்ளோட மென்னு தின்னுற நெத்திலி, இதெல்லாம்தான் உனக்குக் காவல். ஜூஸ் வாரத்துல நீ முதல்ல நிறுத்தப் போறது இதைத்தான்.

மத்த கழிவைக் கல்லீரலும் சிறுநீரகமும் ராத்திரி பகலா பாத்துக்குது. சிறுநீரகம் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 180 லிட்டர் திரவத்தை வடிகட்டி, ஒண்ணரை ரெண்டு லிட்டரை மட்டும் சிறுநீரா வெளிய அனுப்புது. கல்லீரல் நச்சை மாத்துறதுக்குப் பயன்படுத்துற குளூட்டாதயோன்ங்கிற பொருள், புரதத்துலேர்ந்து வர்ற மூணு அமினோ அமிலத்தால ஆனது. புரதத்தை நிறுத்திட்டு கல்லீரலைச் சுத்தம் பண்றேன்னு சொல்றது எனக்குப் புரியவே இல்லம்மா.

மூணாம் நாள் தராசுல ரெண்டு கிலோ குறைஞ்சு காட்டும். அதைப் பாத்து ஏமாந்துடாதே. தசையிலயும் கல்லீரல்லயும் கிளைகோஜன்னு 400, 500 கிராம் மாவுச்சத்து சேமிப்பு இருக்கு. ஒவ்வொரு கிராமும் கிட்டத்தட்ட மூணு கிராம் தண்ணியைப் பிடிச்சு வெச்சிருக்கும். சாப்பாடு குறைஞ்சா சேமிப்பு கரையும், தண்ணியும் போகும். ரெண்டு நாள் சோறு சாப்பிட்டா எடை திரும்பி வந்துடும். பயிற்சிக்கு முதல்ல எரியுறதும் அதே கிளைகோஜன்தான். அதைக் காலி பண்ணிட்டு ஜிம்முக்குப் போனா சீக்கிரமே கால் தளரும், கண்ணு இருட்டும். ரெண்டாம் நாள் வர்ற தலைவலியை "நச்சு வெளியேறுது"ன்னு விக்கிறவங்க சொல்வாங்க. பெரும்பாலும் அது டீ, காபியைத் திடீர்னு நிறுத்தினதால வர்ற வலி.

இதுல நிஜமாவே ஆபத்தானதும் சிலது இருக்கு. சுரைக்காய் ஜூஸ் கசந்தா ஒரு வாய்கூட விழுங்காதே. குக்கர்பிட்டசின்ங்கிற நச்சு அது, ரத்த வாந்தி எடுத்து உயிரே போனவங்க உண்டு. காயை வெட்டினதும் ஒரு துண்டு ருசி பாத்துடு. இஞ்சி, எலுமிச்சை, வேற ஜூஸ் எதையும் அதுல கலக்காதே, கசப்பு மறைஞ்சிடும். பச்சைப் பசலையையும் பீட்ரூட்டையும் தினமும் லிட்டர் கணக்குல அரைச்சுக் குடிச்சா ஆக்சலேட்ங்கிற உப்பு சிறுநீரகத்துல படியும். வேகவெச்சுத் தண்ணியை வடிச்சா நல்லாவே குறையும். டீடாக்ஸ் டீன்னு விக்கிற பலதுல நிலாவாரை இருக்கும். அது வெறும் பேதி மருந்து. பேதியில பொட்டாசியம் போச்சுன்னா தசை பிடிக்கும், இதயத் துடிப்பு தடுமாறும். அந்த நிலையில வெயில்ல ஓடுறது விபரீதம். உன் தோழி சர்க்கரைக்கு மாத்திரை போடுறவ, அவளையும் இதுல இழுக்காதே. சில மாத்திரையைப் போட்டுட்டு சாப்பிடாம இருந்தா சர்க்கரை ஒரேயடியா இறங்கி மயக்கம் வரலாம்.

அந்த ஏழு நாளை இப்படிச் செலவு பண்ணு. கலர் சோடா, பாக்கெட் நொறுக்கு, ராத்திரி பரோட்டா எல்லாத்தையும் நிறுத்து. அதுக்கு டீடாக்ஸ்னு பேர் வைக்கத் தேவையில்ல. ஏழு எட்டு மணி நேரம் தூங்கு. உன் எடை 60 கிலோன்னா, பயிற்சி பண்ற உடம்புக்குத் தினம் 72லேர்ந்து 96 கிராம் புரதம் வேணும். ரெண்டு முட்டையில 12, 150 கிராம் மீன்ல 30, ஒரு கப் பருப்புல எட்டு, ஒரு கிண்ணம் சுண்டல்ல எட்டு, 200 கிராம் தயிர்ல ஏழு; இட்லி, சோறு சேர்த்தா 80 தாண்டும். ஒரு லிட்டர் ஆரஞ்சு ஜூஸ்ல ஏழு கிராம்தான் இருக்கு, சர்க்கரை 80 கிராம்.

முதல் நாளே ஆரம்பி. பேச முடியணும், பாட முடியக்கூடாது, அந்த வேகத்துல 20 நிமிஷம் நட. வாரத்துல ரெண்டு நாள், நாற்காலியில உக்காந்து எழுந்திரிக்கிறது எட்டு, சுவத்துல கை ஊணி புஷ்அப் எட்டு, ரெண்டு சுத்து. ரெண்டாம் வாரம் 30 நிமிஷம், மூணு சுத்து. மூணாம் வாரம் ஒரு நிமிஷம் ஓட்டம், ரெண்டு நிமிஷம் நடை, இப்படி எட்டு தடவை. எடை தூக்கணும்னா பழைய எடையில பாதி. பழைய எடையை முதல் நாளே தொடுறதுலதான் நிறைய பேர் மாட்டிக்கிறாங்க. மூச்சு சீக்கிரம் பழகிடும், தசையை எலும்போட கட்டுற தசைநாணுக்குக் கூடுதல் நாள் ஆகும்.

பயிற்சி பண்ணின தசை வலி ரெண்டாம் நாள் உச்சத்துக்குப் போய் நாலாம் நாள் அடங்கினா பயம் இல்ல. சிறுநீர் கோலா நிறத்துல போனா, தசை உடைஞ்சு சிறுநீரகத்தை அடைக்கிறதா இருக்கலாம். அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ. நெஞ்சுல அழுத்தமோ மயக்கமோ வந்தாலும் அப்படித்தான். பொங்கலுக்கு நீ வீட்டுக்கு வரும்போது போகி காலையில வெளிய ஓடாதே, டயர் புகை கண்ணை மறைக்கும். மத்த நாள்ல எண்ணூர் நெடுஞ்சாலைப் பக்கம் வேணாம், கன்டெய்னர் லாரி ஓயாம போகும். உள் தெருவுல நடந்தா போதும். நம்ம ஊர் புழுக்கத்துல வேர்வை காயாது, உடம்பு சூடு இறங்காது; வேகத்தைக் குறைச்சுக்கோ, உப்புப் போட்ட மோர் குடி.

அம்மா காசிமேட்டுல வாங்கின நெத்திலிக் கருவாடு அரைக்கிலோ பார்சல்ல வருது. வெந்நீர்ல ரெண்டு தடவை அலசிட்டுச் சமை, உப்பு ஜாஸ்தி.

அன்புடன்,
அப்பா