மே மாதம் பூட்டிக் கிடக்கும் பீரோ

ஆசிரியருக்கு வணக்கம்.

மன்னார்குடிப் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் தமிழ் நடத்துகிறேன். எங்கள் நூலகம் என்பது இரண்டு இரும்பு பீரோக்கள். நூலகர் கிடையாது, சாவி என்னிடம். ஏப்ரல் கடைசியில் புத்தகங்களை எண்ணி, இருப்புப் பதிவேட்டோடு சரிபார்த்துப் பூட்டிவிட வேண்டும். பிள்ளைகளுக்குப் பாடம் இல்லாத ஒரே மாதத்தில் கதைப் புத்தகங்களும் பூட்டுக்குள் போய்விடுகின்றன.

பூட்டுவது சோம்பலால் அல்ல, பயத்தால். முன்பு வேலை பார்த்த பள்ளியில் ஆறு புத்தகங்கள் குறைந்ததற்குத் தணிக்கையில் குறிப்பு எழுதினார்கள். கைப்பணத்தைக் கட்டினேன். தொகை பெரிதில்லை. ஆனாலும் அதற்கப்புறம் நான்கு வருடம் யாருக்கும் புத்தகமே கொடுக்கவில்லை. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

என் மனசை மாற்றியவன் ஒரு மாணவன். பத்தாம் வகுப்புத் தமிழில் கி.ராஜநாராயணனின் ‘கோபல்லபுரத்து மக்கள்’ நாவலின் ஒரு பகுதி விரிவானமாக, அதாவது துணைப்பாடமாக, இருக்கிறது. களைத்துக் கிடந்த வழிப்போக்கனை அன்னமய்யா அழைத்துவந்து பசியாற்றும் இடம். “அப்புறம் அந்த ஆள் என்ன ஆனார் டீச்சர்?” என்று கேட்டான். 2019-இல் புதுப் பாடநூல் வந்ததிலிருந்து அதை நடத்துகிறேன். நாவலை முழுசாகப் படித்ததில்லை. “நாளைக்குச் சொல்றேன்” என்று சமாளித்தேன். அந்த மே மாதம் கிளை நூலகத்தில் எடுத்துவந்தேன். காவிரிப் பக்கத்துக்காரியான எனக்குக் கரிசல் பேச்சு முதல் முப்பது பக்கம் பிடிபடவேயில்லை. பிறகு அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை. ஜூனில் பதிலோடு போனால், பையன் பிளஸ் ஒன்னுக்கு வேறு பள்ளியில் சேர்ந்துவிட்டான்.

போன வருடம் ஒன்பதாம் வகுப்புக்குக் கடைசித் தேர்வு முடிந்ததும் பீரோவைத் திறந்துவிட்டு, பிடித்ததை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். 34 புத்தகங்கள் போயின. “மே மாசம் பாதிப் பேர் பருத்தி எடுக்கப் போயிடும், இதுங்க எங்க படிக்கப் போகுது?” என்று சக ஆசிரியர் சிரித்தார். பள்ளி திறந்ததும் 31 திரும்பி வந்தன. ஒன்றில் பக்க அடையாளத்துக்குப் பஞ்சு வைத்திருந்தது. ஒன்றுக்கு அட்டையைக் காணோம். பாட்டி விசிறிக்கு எடுத்துக்கொண்டாராம். இன்னொன்றை எடுத்துப் போன பெண் பாதியில் விட்டிருக்கிறாள், அவள் அம்மா முடித்திருக்கிறார்.

பள்ளிக் கல்வித் துறை அனுப்பும் தேன்சிட்டு மாணவர் இதழும் வாசிப்பு இயக்கப் புத்தகங்களும் நல்லவைதான். ஆனால் அரை மணியில் முடிந்துவிடும். பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைக்கு ஒரு மாதம் வரும் தடித்த கதை வேண்டும். அது பீரோவிலேயே இருக்கிறது.

துறையிடம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. விடுமுறைக்குக் கொடுக்கும் புத்தகங்களில் நூற்றுக்குப் பத்து வரை குறைந்தால் ஆசிரியரிடம் வசூலிக்கக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கை, அவ்வளவுதான். இதே மன்னார்குடியை ஒட்டிய மேலவாசலில் 1931-லேயே கனகசபை என்ற ஓய்வுபெற்ற பொறியாளர் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். அந்த வண்டியிலும் நாலு புத்தகம் தொலைந்திருக்கும்தானே?

அப்புறம் எங்களுக்கும் ஒன்று. பயிற்சி என்று கூப்பிட்டுத் திரையில் படம் காட்டுவதில் ஒரு நாளைக் குறைத்து, நாங்கள் நடத்தும் விரிவானத்தின் மூலநூலில் ஒன்றையாவது படித்துவிட்டு வந்து பேசச் சொல்லலாம். முதல் நாள் முணுமுணுப்போம். நானும்தான்.

இந்த வருடத் தேர்வு முடிய இன்னும் எட்டு நாள் இருக்கிறது. அதற்குள் சுற்றறிக்கை வந்தால் நல்லது. வராவிட்டாலும் சாவி என்னிடம்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு தமிழாசிரியை,
திருவாரூர் மாவட்டம்.
(அரசுப் பணியில் இருப்பதால் பெயர் வெளியிட வேண்டாம்.)