பிள்ளைக் காப்பகம் ஊருக்குள் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வேலைக்குப் போகும் பெண்களின் கைக்குழந்தைகளை யார் பார்ப்பது என்று போன வாரம் உங்கள் பத்திரிகையில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். வீட்டில் பாட்டி இருக்கும்போது காப்பகம் எதற்கு என்று கேட்டிருந்தார். அவர் சொல்கிற அந்தப் பாட்டி நான்தான். குடியாத்தத்தை ஒட்டிய ஒரு கிராமம். வயது 62. எட்டாவது வரை படித்தேன். எங்கள் பக்கத்தில் பாட்டியை ஆயா என்று கூப்பிடுவோம். ஒரு ஆயாவின் பதிலாக இதை எழுதுகிறேன்.

ஆயா வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். 15 வயதில் முறத்தை மடியில் வைத்தவள் நான். இலையை நனைத்து, தகடு வைத்து வெட்டி, தூள் போட்டுச் சுருட்டி, முனை மடித்து, நூல் கட்டி, ஆயிரம் பீடி எண்ணி முடிக்கும்போது பொழுது சாய்ந்துவிடும். எண்ணிக்கை குறைந்தால் கூலி குறையும். சுற்று தளர்ந்திருந்தால் கழித்துப் போடுவார்கள். இந்தக் கையோடுதான் பேரனையும் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

நான்கு வருடத்துக்கு முன்பு அவனுக்கு 11 மாதம். மருமகள் ஆம்பூர் பக்கத்தில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் மிஷினில் உட்காருகிறவள். காலை 6.45க்குக் கம்பெனி வண்டி. இரவு 7 மணிக்குத்தான் திரும்புவாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? பழைய புடவையின் ஒரு முனையைக் கட்டில் காலிலும் இன்னொரு முனையைப் பிள்ளையின் இடுப்பிலும் கட்டிவிட்டு பீடி சுற்றினேன். எங்கள் தெருவில் பல வீட்டில் அப்படித்தான். ஒரு நாள் சோறு ஊட்டக் கட்டை அவிழ்த்தேன். கிண்ணம் எடுக்கத் திரும்பிய நேரத்தில் அவன் முறத்தில் கைவைத்துத் தூளை வாயில் போட்டுக்கொண்டான். ஒரு பிடிகூட இல்லை, விரல் நுனியில் ஒட்டியதுதான். கொஞ்ச நேரத்தில் வாயில் எச்சில் கொட்டியது, வாந்தி, முகம் வெளுத்து உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஓடினோம். அந்த வயதுக்குப் புகையிலை துளி போதும் என்று டாக்டர் சொன்னார். ராத்திரி முழுக்க வைத்திருந்து காலையில் அனுப்பினார்கள். பிள்ளை பிழைத்தான். வேலையிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்கு வந்த மருமகள் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயில் திண்ணையில் தெருப் பெண்கள் எல்லோரும் உட்கார்ந்தோம். அன்றைக்குப் பேசியதுதான் இன்றைக்கு எங்கள் பிள்ளைக்கூடம்.

லுங்கி நெய்துகொண்டிருந்த ஒருவர் தறியை விட்டபிறகு அவருடைய கொட்டகை சும்மா கிடந்தது. வாடகை வேண்டாம், கரன்ட் பில் மட்டும் கட்டுங்கள் என்றார். உள்ளே நான்கு தறிக்குழி. மூன்றை மண் கொட்டி மூடி சிமென்ட் பூசினோம். நாலாவதை மூட மனசு வரவில்லை. அதில் பாதி உயரத்துக்குக் கல்லும் மண்ணும் போட்டு, மேலே மணல் பரப்பினோம். பாலாற்று மணலை இப்போது யார் அள்ள முடியும்? வீடு கட்டி முடித்த ஒருவர் மிச்சத்தைக் கொடுத்தார். நெசவுக்காரர் காலைத் தொங்கவிட்டு மிதித்த குழியில் இப்போது பிள்ளைகள் உட்கார்ந்து மணலில் இட்லி ஊற்றுகிறார்கள்.

இப்போது 22 பிள்ளைகள். அதில் இரண்டு வயது ஆகாதவர்கள் 9 பேர். காலை 6.30க்குத் திறந்து இரவு 7.30க்கு மூடுகிறோம். ஷூ கம்பெனிக்குப் போகும் 14 தாய்மார் மாதம் 800 ரூபாய் தருகிறார்கள். பீடி, சித்தாள் வேலை, கூலி வேலை என்று போகும் 8 பேர் 300 ரூபாய். ஆக 13,600. பிள்ளை பார்க்கும் இரண்டு பெண்களுக்கு ஆளுக்கு 4,500, சமைப்பவருக்கு 2,500. மீதி 2,100 ரூபாயில்தான் கேஸ், பால், சோப்பு, கரன்ட் எல்லாம். அரிசி வீட்டுக்கு வீடு படிக்கணக்கில் வரும். என் வேலை கணக்கு எழுதுவதும் காலையில் கதவு திறப்பதும். எனக்குச் சம்பளம் இல்லை, வேண்டாம் என்று நானே சொன்னேன். ஆனால் அந்த இரண்டு பெண்களுக்கு 4,500 கொடுக்கும்போது ஒவ்வொரு மாதமும் எனக்கு மனசு உறுத்துகிறது. ஒரு நாளைக்கு 13 மணி நேரத்தை இரண்டு பேரும் முறை மாற்றிப் பார்க்கிறார்கள். மலம் கழுவுவது, ஊட்டுவது, தூங்க வைப்பது, ஜுரம் வந்தால் தோளில் போட்டுக்கொண்டு நடப்பது, அத்தனையும் அவர்கள்தான்.

எங்கள் ஊர் அங்கன்வாடியைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. டீச்சர் நல்லவர். இரண்டு வயது தாண்டிய எங்கள் 13 பேரும் காலையில் அங்கேதான் போகிறார்கள். பழைய புடவையைக் கயிறாக முறுக்கி, ஆளுக்கொரு இடம் பிடித்து, ரயில் மாதிரி தெருவில் நடப்பார்கள். மத்தியானம் சூடான சோறு, வாரத்துக்கு மூன்று முட்டை அங்கே கிடைக்கிறது. அது எங்களால் முடியாத காரியம். ஆனால் சாயங்காலம் 4 மணிக்கு அங்கே கதவு மூடிவிடும், தாய் வருவது 7 மணிக்கு. மே மாதம் அங்கன்வாடிக்கு லீவு விட்டால் கம்பெனிக்கு லீவு கிடையாது. அந்த டீச்சருக்கு எடை பார்ப்பது, செல்போனில் ஏற்றுவது, ரெஜிஸ்டர் எழுதுவது, தேர்தல் வந்தால் வாக்காளர் பட்டியலோடு வீடு வீடாகப் போவது என்று தலைக்கு மேல் வேலை. இரண்டு வயதுக்குக் கீழே இருக்கிற பிள்ளைக்கோ அங்கே சத்துமாவு பாக்கெட் உண்டு, படுக்க இடம் இல்லை.

1954இல் முதலமைச்சரான காமராசரை இடைத்தேர்தலில் ஜெயிக்க வைத்துச் சட்டசபைக்கு அனுப்பியது எங்கள் குடியாத்தம். என் அப்பா அதைச் சொல்லிச் சொல்லி மகிழ்வார். 1956இல் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு மத்தியானச் சோறு வந்தது. 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவு கொண்டுவந்தபோது கிராமத்தில் இரண்டு வயதுப் பிள்ளைக்கும் தட்டு வைத்தார்கள். என் பெரிய மகன் அந்த பால்வாடியில் சாப்பிட்டு வளர்ந்தவன்தான். ஒவ்வொரு படியாக வயதைக் குறைத்துக்கொண்டே வந்த நாடு இரண்டு வயதோடு ஏன் நின்றுவிட்டது? பிறந்த ஆறாம் மாதத்திலிருந்து இரண்டு வயது வரைதான் பிள்ளை கண்டதையெல்லாம் வாயில் போடுகிறது. அந்த நேரத்தில்தான் பார்க்க ஆள் இல்லை.

சட்டமே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 1948ஆம் வருடத்துத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே 50 பெண்களுக்கு மேல் வேலை செய்தால் காப்பக அறை வேண்டும் என்று எழுதினார்கள். 1976இல் அதை 30 பெண்கள் என்று குறைத்தார்கள். 2017இல் மகப்பேறுச் சட்டத்தைத் திருத்தி, ஆண், பெண் சேர்த்து 50 பேர் வேலை செய்தாலே காப்பகம் வேண்டும், தாய் ஒரு நாளைக்கு நான்கு முறை போய்ப் பிள்ளையைப் பார்க்கலாம் என்று சேர்த்தார்கள். என் மருமகளின் கம்பெனியிலும் அந்த அறை இருக்கிறது. சுவரில் முயல், வாத்து படம், தொட்டில்கூட இருக்கிறதாம். பிள்ளைதான் இல்லை. விடிந்தும் விடியாத நேரத்தில், ஆள் நெருக்கியடித்து நிற்கிற வண்டியில், ஒரு மணி நேரத்துக்கு மேல் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு யார் போவாள்? பால் குடிக்கிற பிள்ளைக்குத் தாய் பக்கத்தில் இருப்பதுதான் நல்லது, அதை நான் மறுக்கவில்லை. அப்படியானால் கைக்குழந்தைக்காரிக்கு உட்கார்ந்து போக வண்டி விடட்டும். மற்றப் பிள்ளைகளுக்காக, கம்பெனி வாசலில் செலவு செய்கிற பணத்தை அந்தப் பெண்கள் எந்த ஊரிலிருந்து வருகிறார்களோ அந்த ஊருக்கு அனுப்பட்டும். நான்கு ஊர், ஐந்து ஊருக்கு ஒரு வண்டி என்று கம்பெனிக்குக் கணக்கு தெரியும்தானே. வீட்டில் உட்கார்ந்து பீடி சுற்றுகிறவளுக்கோ எந்த அறையும் கிடையாது. அவளுடைய வீடே பீடிக் கம்பெனி, அதில்தான் பிள்ளை தவழ்கிறது.

2005இல் வந்த நூறு நாள் வேலைச் சட்டத்தில் எனக்குப் பிடித்த ஒரு வரியை எழுதினார்கள். வேலை செய்யும் இடத்துக்கு ஆறு வயதுக்குக் கீழே ஐந்து பிள்ளைகள் வந்தால், ஒரு பெண்ணைப் பிள்ளை பார்க்க நிறுத்த வேண்டும், அவளுக்கும் கூலி தர வேண்டும். மண் வெட்டுவது எப்படி வேலையோ அப்படிப் பிள்ளை பார்ப்பதும் வேலை என்று சட்டமே எழுதி வைத்தது. அந்தக் கூலியைத்தான் எங்கள் இரண்டு பெண்களுக்கும் கேட்கிறேன்.

திங்கட்கிழமை குறைதீர்வு நாளில் இரண்டு தடவை மனு கொடுத்தோம். பதிவு இல்லாத இடத்துக்கு முட்டையும் பருப்பும் தர வழியில்லை என்றார்கள். பதிவு செய்ய வேண்டுமானால் கட்டடத்துக்கு இது வேண்டும், அது வேண்டும் என்று ஒரு காகிதம் கொடுத்தார்கள். அதில் உள்ளது தப்பு என்று நான் சொல்லமாட்டேன். 2004இல் கும்பகோணத்தில் கூரை பற்றி எரிந்து 94 பிள்ளைகள் போனதை மறந்துவிட்டுப் பிள்ளைக்கூடம் நடத்த முடியுமா? எங்கள் கொட்டகைக்கு சிமென்ட் ஷீட். வேலூர் வெயில் உங்களுக்குத் தெரியும், கத்திரியில் உள்ளே நெருப்பாகக் காயும். மேலே தென்னை ஓலை போடலாம் என்று ஒருத்தி சொன்னபோது கும்பகோணத்தைச் சொல்லித்தான் தடுத்தேன். ஓலைக்குப் பதிலாக ஷீட் முழுக்க வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தோம். கொஞ்சம் தணிகிறது. கேஸ் அடுப்பைப் பிள்ளைகள் இருக்கிற இடத்தை விட்டு வெளிச் சாய்ப்புக்கு மாற்றினோம். இன்னும் செய்யத் தயார். எதற்கும் பணம் வேண்டும், அல்லது அந்தக் காகிதத்தைக் கொடுத்தவர் ஒரு நாள் நேரில் வந்து எது முதலில் என்று காட்ட வேண்டும்.

எழுத்து எப்போது சொல்லித் தருவீர்கள் என்று தாய்மார் கேட்கிறார்கள். டவுனில் மூன்று வயதுப் பிள்ளை ஏபிசிடி சொல்லுதே என்று ஒருத்தி அழாத குறை. நான் பிடிவாதமாக இருக்கிறேன். இங்கே நூல் கண்டும், தறிக்கு நூல் சுற்றுகிற தார்க்குச்சியும் நிறையக் கிடக்கிறது. சிவப்பு ஒரு பக்கம், பச்சை ஒரு பக்கம் என்று பிரிக்கிறார்கள், பெரிதிலிருந்து சின்னது வரை அடுக்குகிறார்கள். தண்ணி என்று ஒரு பிள்ளை கேட்டால், நீள்ளு என்று தெலுங்கு வீட்டுப் பிள்ளை கேட்கும், பானி என்று உருது வீட்டுப் பிள்ளை கேட்கும். இப்போது மூன்று பேரும் மூன்றையும் சொல்கிறார்கள். இதைவிட என்ன படிப்பு வேண்டும் இந்த வயதுக்கு?

அவர்களாகவே கண்டுபிடித்த ஒரு விளையாட்டு இருக்கிறது. தறியில் ஓடிய பழைய நாடா ஒன்று, மரத்தில் செய்தது, ஓரத்தில் கிடந்தது. அதைத் தரையில் தள்ளிக்கொண்டே ஒரு பையன் "ஆம்பூர், ஆம்பூர்" என்று கத்துவான். அதுதான் கம்பெனி வண்டி. நான்கைந்து பெண் பிள்ளைகள் துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவன் பின்னால் ஏறுவார்கள். மற்றதெல்லாம் மணல் குழிக்குள் உட்கார்ந்து கை ஆட்டும். ஒரு நாள் என் பேரன் குழியிலிருந்து எழுந்து, "ஆயா, நீ ஏறாத, நீ இங்கியே இரு" என்று என் புடவையைப் பிடித்துக்கொண்டான். நான் எங்கேயும் போகிறவள் இல்லை, வாசலில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். நோட்டை மூடிவிட்டு அவனோடு குழிக்குள் இறங்கி உட்கார்ந்தேன்.

இப்போது எங்களுக்கு அவசரம் ஒன்று வந்திருக்கிறது. கொட்டகைக்காரரின் பிள்ளைகள் இடத்தை விற்கப் போகிறார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன், நான்கு வருடம் வாடகை வாங்காமல் விட்ட குடும்பம். வருகிற தைக்குள் காலி செய்ய வேண்டும். எங்கள் ஊரிலேயே கிராம சேவை மையம் என்று எழுதிய ஒரு நல்ல காரைக் கட்டடம் பூட்டிக் கிடக்கிறது. சுற்றுச்சுவர், தண்ணீர்க் குழாய், கக்கூஸ் எல்லாம் அதில் இருக்கிறது. அந்தக் காகிதத்தில் கேட்டதில் பாதி அங்கே தயாராக இருக்கிறது. பகலில் எங்களுக்குக் கொடுங்கள், கூட்டம் நடக்கிற நாளில் நாங்களே பெருக்கித் துடைத்துத் தருகிறோம் என்று எழுதி, 22 தாய்மாரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறோம். சாவிக்காக இதுவரை மூன்று பேரிடம் போய்விட்டோம். ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கைகாட்டுகிறார்கள். உங்கள் பத்திரிகையில் இது வந்தால், சாவி வைத்திருப்பவர் படிப்பார் என்று நம்பி எழுதுகிறேன்.

மருமகள் வேலை பார்க்கும் இடத்தை நினைத்து, என் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு ஆயா,
குடியாத்தம் வட்டம், வேலூர் மாவட்டம்