இரண்டாம் பருவ நிறைவு: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வு முடிந்து பிள்ளைகள் விடுமுறைக்குக் கிளம்பிவிட்டார்கள். கலைத் திருவிழாவில் நன்றாகச் செய்தார்கள். கோகோ அணி வட்டாரப் போட்டியில் பரிசு வாங்கி வந்தது. வாசிப்பில் பின்தங்கியிருந்த பலர் முன்னேறியிருக்கிறார்கள். மழைக்குப் பிறகு பள்ளித் தோட்டமும் செழித்திருக்கிறது. எல்லோருக்கும் பாராட்டுகள்.

சரி, இப்போது மனம்விட்டுப் பேச வேண்டிய ஒரு விஷயம். வருகைப் பதிவேட்டைப் புரட்டினால், அமாவாசை வரும் நாளெல்லாம் வகுப்புகள் வெறிச்சோடிக் கிடக்கின்றன. காரணம் எனக்குத் தெரியும். கொத்து வேலை, தச்சு வேலைக்குப் போகிறவர்களுக்கு அன்றுதான் ஓய்வு. அப்பா வீட்டில் இருக்கும் நாளில் பிள்ளையும் இருக்கட்டுமே என்று தோன்றுவது இயல்பு. தர்ப்பணம், படையல் என்று வீட்டில் வேலையும் இருக்கும். முன்னோரை நினைத்து நீங்கள் செய்வதைக் குறை சொல்லும் எண்ணம் எனக்குத் துளியும் இல்லை. அந்தக் காலத் திண்ணைப் பள்ளிக்கூடங்களே அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் விடுமுறை விட்டவைதான். ஆனால் இன்று சனி, ஞாயிறு விடுமுறை இருக்கிறது. அதற்கு மேல் அமாவாசை, இரண்டு அஷ்டமி, இரண்டு நவமி என்று பார்த்தால் மாதத்தில் 5 நாள் போய்விடும். சில வீடுகளில் அப்படித்தான் போகிறது.

போன பருவ அமாவாசை ஒன்றில் என்ன நடந்தது என்று சொல்கிறேன். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் நிலாக் குறிப்பேடு எழுதி வந்தார்கள். தினமும் ஒரு வட்டம் போட்டு, வெளிச்சமில்லாத பகுதியைப் பென்சிலால் தீட்ட வேண்டும். அமாவாசைக் கட்டத்தை முழுக்கக் கறுப்பாக்கி, ‘நிலா இல்லை’ என்று பலர் எழுதியிருந்தார்கள். அறிவியல் ஆசிரியை அன்றே ஜன்னல்களைச் சாத்தி, நடுவில் ஒரு பல்பை எரியவிட்டு, ஆளுக்கொரு பந்தைக் கொடுத்தார். பல்புதான் சூரியன், பந்து நிலா, நம் தலை பூமி. கையை நீட்டிப் பந்தைப் பிடித்தபடி மெல்லச் சுற்ற வேண்டும். பந்து பல்புக்கு நேராக வரும்போது நம்மைப் பார்க்கும் பக்கம் இருட்டு, அதுதான் அமாவாசை. நிலா எங்கும் போய்விடவில்லை. சூரியனோடு சேர்ந்தே உதித்து, பகலெல்லாம் நம் தலைக்கு மேலே இருந்துவிட்டு, சூரியனோடு மறைகிறது. அப்படியே திரும்பி, பல்பு முதுகுக்குப் பின்னால் வந்தால் பௌர்ணமி. அப்போது பந்தைச் சற்று உயர்த்திப் பிடிக்காவிட்டால் நம் தலையின் நிழலே அதில் விழும். அது சந்திர கிரகணம். நிலாவின் பாதை சுமார் 5 டிகிரி சாய்ந்திருப்பதால்தான் பௌர்ணமிதோறும் கிரகணம் வருவதில்லை. அன்று வந்த பிள்ளைகள் இதைத் தங்கள் கையாலேயே கண்டுபிடித்தார்கள். வராதவர்களில் பலர், பூமியின் நிழல் விழுந்துதான் நிலா தேய்கிறது என்று தேர்வுத்தாளில் எழுதியிருக்கிறார்கள். விடைத்தாளைப் பார்த்தபோது வருத்தமாக இருந்தது.

அடுத்தது உடல்நலம். ஓர் அமாவாசைக் காலையில் பிரார்த்தனைக் கூட்டத்தில் மேல் வகுப்பு மாணவி ஒருத்தி மயங்கி விழுந்தாள். ‘நாள் சரியில்லை’ என்றார்கள். தண்ணீர் தெளித்து உட்காரவைத்து விசாரித்தால், முந்தைய இரவுக்குப் பிறகு அவள் எதுவும் சாப்பிடவில்லை. படையல் முடிந்து காக்கைக்குச் சோறு வைத்த பிறகுதான் வீட்டில் சாப்பாடு. காலை உணவுத் திட்டம் 5ஆம் வகுப்பு வரைதான். பெரிய பிள்ளைகள் மதியச் சத்துணவு வரை வெறும் வயிற்றோடு இருக்கிறார்கள்.

கடலையே இழுக்கும் நிலா உடம்பை இழுக்காதா என்று ஒரு தந்தை கேட்டார். நியாயமான கேள்வி. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் ஏற்றம் கூடுவது உண்மைதான். சூரியனும் நிலாவும் ஒரே கோட்டில் நின்று இழுக்கின்றன. ஆனால் அது, பூமியின் ஒரு பக்கத்துக்கும் மறுபக்கத்துக்கும் இழுவிசை மாறுவதால் வருவது. நம் ஊர் ஏரியிலேயே அமாவாசைக்குத் தண்ணீர் ஏறி நாம் பார்த்ததில்லை. நாலரை அடிப் பிள்ளையின் உடம்பில் உச்சிக்கும் பாதத்துக்கும் அப்படி என்ன வித்தியாசம் வந்துவிடும்?

இதைக் கண்டிப்பாகவே சொல்கிறேன். அமாவாசை, அஷ்டமி, நவமி என்று மட்டும் காரணம் எழுதிய விடுப்புக் கடிதத்தை மூன்றாம் பருவத்தில் ஏற்கமாட்டேன். வலிப்புக்கு மாத்திரை சாப்பிடும் பிள்ளைக்கு, ‘அமாவாசை கழியட்டும்’ என்று மருந்தையோ மருத்துவரையோ தள்ளிப்போடாதீர்கள். அது ஆபத்து. எட்டாம் வகுப்புக்குத் திறன் படிப்புதவித் தொகைத் தேர்வும் இருக்கிறது. ஒரு நாள்கூட வீணாகக் கூடாது.

படையலுக்கு முன்பே பிள்ளைக்கு இரண்டு இட்லி கொடுத்து அனுப்பும் அம்மாக்கள் இருக்கிறார்கள். விடியற்காலையிலேயே எல்லாவற்றையும் முடித்துவிட்டு, பேரனைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்துவிடும் பாட்டி ஒருவரும் இருக்கிறார். அவர்களுக்கு என் மனமார்ந்த நன்றி. வேலை ஓய்வு நாளில் பள்ளிக்கு வந்து குழாயைச் சரிசெய்து கொடுத்த தந்தையருக்கும் நன்றி. நீங்கள் இல்லாமல் இந்தப் பள்ளி இல்லை.

பள்ளி திறந்த பிறகு வரும் முதல் பௌர்ணமியன்று மாலை மைதானத்தில் நிலா பார்க்கக் கூடுகிறோம். சூரியன் மறையும் நேரத்தில் கிழக்கே எழும் என்பதால் 5.30 மணிக்கே வந்துவிடுங்கள். தாத்தா பாட்டிகளையும் அழைத்து வாருங்கள். பனி இருக்கும், சின்னப் பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர் போட்டு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்