புதுச்சேரிக்கு வந்தால் ஒரு இரவாவது தங்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் பயணப் பக்கத்தில் எங்கள் கடற்கரைச் சாலையைப் பற்றி எழுதியிருந்தீர்கள். காந்தி சிலை, அதைச் சுற்றி நிற்கும் செஞ்சித் தூண்கள், 1836-ல் விளக்கேற்றிய பழைய கலங்கரை விளக்கம் எல்லாம் படத்தோடு வந்ததில் மகிழ்ச்சி. ஆனால் மாலையில் இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் போதும் என்று முடித்திருந்ததை, முத்தியால்பேட்டையிலேயே பிறந்து வளர்ந்த என்னால் ஏற்க முடியவில்லை.

மாலை ஆறு மணிக்கு வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். மறுநாள் காலை ஏழரை வரை சாலை நடப்பவர்களுக்குத்தான். வெளியூர்க்காரர்கள் பார்ப்பதெல்லாம் மாலைக் கூட்டத்தை. சனி, ஞாயிறு என்றால் இடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். ஊர்க்காரர்கள் வருவது விடியற்காலையில். கடலுக்குள்ளிருந்து சூரியன் எழுவதைப் பார்த்தபடி நடக்கலாம், கால் வலித்தால் சுவரில் உட்காரலாம். யாரும் எழுந்து போகச் சொல்ல மாட்டார்கள். அதற்கு இரவு இங்கே தங்கியிருக்க வேண்டும். பழைய பிரெஞ்சு வீடுகளை விடுதியாக்கியிருக்கிறார்கள், வாடகை கொஞ்சம் அதிகம்தான். சாலையின் தென்கோடியில் கடலைப் பார்த்தபடி அரவிந்தர் ஆசிரமத்தின் விருந்தினர் விடுதி இருக்கிறது. அங்கே மதுவும் புகையும் கூடாது. குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

நீங்கள் எழுதாமல் விட்ட இன்னொன்றும் உண்டு. சாலையோரம் குவிந்து கிடக்கும் கருங்கற்கள் எப்போதும் அங்கே இருந்தவை என்றே வருகிறவர்கள் நினைக்கிறார்கள். என் சிறுவயதில் அங்கே மணல் இருந்தது, விளையாடியிருக்கிறோம். 1980-களின் கடைசியில் ஊருக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் துறைமுகத்துக்காக அலைத்தடுப்புச் சுவர்கள் கட்டினார்கள். இந்தக் கரையில் வருடத்தின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். சுவர் அதை மறித்தது. தெற்கே மணல் சேர்ந்துகொண்டே போக, நகரத்துக் கரையைக் கடல் தின்றது. சாலையைக் காப்பாற்றக் கல்லைக் கொட்டினார்கள். அப்புறம் அரிப்பு வடக்கே குருசுக்குப்பம், வைத்திக்குப்பம் என்று நகர்ந்து, தமிழகப் பக்கத்து மீனவர் ஊர்களையும் தொட்டது. படகை ஏற்றி வைக்கவும் வலையை உலர்த்தவும் கரை இல்லாமல் அவர்கள் படும் பாடு கடற்கரைச் சாலையிலிருந்து கண்ணுக்குத் தெரியாது.

தலைமைச் செயலகத்துக்கு எதிரே இப்போது கொஞ்சம் மணல் இருக்கிறதே, அது அலையின் வேகத்தைத் தணிக்க 2018-ல் கடலுக்குள் இறக்கிய செயற்கைத் திட்டின் பலன். பிள்ளைகள் மறுபடி அங்கே மணலில் ஓடுவதைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு நிறைகிறது. வழி இல்லாமல் இல்லை என்று அது காட்டுகிறது. வடக்கே இருக்கும் குப்பங்களுக்கும் கரை திரும்ப வேண்டும்.

அதனால் ஒரு வேண்டுகோள். மாசிமகத்தன்று உங்கள் செய்தியாளரை வைத்திக்குப்பத்துக்கு அனுப்புங்கள். சுற்றுவட்டாரக் கோயில்களின் சாமிகளெல்லாம் தீர்த்தவாரிக்கு அங்கேதான் வந்து சேரும். காந்தி திடலிலிருந்து வடக்கே கரையோரமாக நடந்தே வரச் சொல்லுங்கள். சாமிகள் நிற்பதற்கு எவ்வளவு கரை மிச்சம் இருக்கிறது என்பதை அவர் நேரில் பார்த்து எழுதட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி