கணப்பு மூட்டுவதற்கு முன்பு: பெற்றோர்களுக்குத் தலைமையாசிரியரின் கடிதம்

உதகமண்டலம்
நவம்பர் மாதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம்.

மழை ஓய்ந்து இரவு வானம் தெளிய ஆரம்பித்துவிட்டது. இனி எந்த நாள் காலையிலும் காந்தல், தலைக்குந்தா பக்கம் புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடக்கும். வீட்டுக்கு வீடு கணப்பு மூட்டத் தொடங்குவீர்கள். மூட்டத்தான் வேண்டும், இந்தக் குளிரில் பிள்ளைகளை நடுங்கவிட முடியாது. முதல் விறகை வைப்பதற்கு முன்பு ஒன்றே ஒன்று செய்யுங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். புகை எந்த வழியாக வெளியே போகிறது, அந்த வழி திறந்திருக்கிறதா என்பதை உங்கள் கண்ணாலேயே பார்த்துவிடுங்கள்.

1820-களில் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் இங்கே வந்து குடியேறியதற்குப் பிறகு வெள்ளைக்காரர்கள் கட்டிய பங்களாக்களில் கணப்பும் சிம்னியும் இல்லாத வீடு அபூர்வம். அவற்றில் பல இன்று காட்டேஜ்களாகிவிட்டன. சில, தடுப்புச் சுவர் வைத்து நாலைந்து குடும்பங்களுக்கு வாடகைக்கு விடப்பட்டிருக்கின்றன. நம் பள்ளிப் பிள்ளைகள் பலர் இப்படிப்பட்ட வீடுகளிலும், காட்டேஜைப் பார்த்துக்கொள்ளும் பெற்றோருடன் அதன் பின்கட்டிலும்தான் இருக்கிறார்கள். வீட்டைத் தடுத்த சமயத்தில் சிம்னிக்குள் செங்கல் வைத்து அடைத்திருக்கலாம். மழைத்தண்ணீர் இறங்குகிறது என்று யாரோ மேலே தகரம் போட்டு மூடியிருக்கலாம். பிறகு குடிவருகிறவருக்கு அது தெரியாது. அறையிலிருந்து பார்த்தால் கணப்பு நன்றாகத்தான் இருக்கும்.

பகல் நேரத்தில், கணப்பு முழுக்க ஆறியிருக்கும்போது, ஒரு சின்ன முகக்கண்ணாடியை உள்ளே சாய்த்துப் பிடித்து டார்ச் அடித்து மேலே பாருங்கள். சிம்னி நேராக இருந்தால் வானம் ஒரு துண்டு தெரியும். மைனா கட்டிய கூடோ, காய்ந்த சருகோ அடைத்திருந்தால் அதுவும் தெரியும். வளைந்து போகிற சிம்னி என்றால் கீழிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. மேலே ஆள் ஏறித்தான் பார்க்க வேண்டும். கணப்பின் தொண்டையில் திறந்து மூடும் இரும்புத் தகடு இருந்தால் அதை அசைத்துப் பாருங்கள். துருப்பிடித்துப் பாதியிலேயே நின்றுவிட்ட தகடு, பாதிப் புகையை அறைக்குள்ளேயே திருப்பிவிடும்.

அடுத்தது கரி. ஒரு ஆணியையோ பழைய கரண்டியையோ எடுத்து உட்சுவரைச் சுரண்டுங்கள். பொடியாக உதிர்ந்தால் அது சாதாரணப் புகைக்கரி. தூரிகை போட்டால் வந்துவிடும். செதில் செதிலாகப் பெயர்ந்தால் சேர்ந்து நாளாகிவிட்டது என்று அர்த்தம். ஆணி வழுக்கிக்கொண்டு போகிற அளவுக்குச் சுவர், புதிதாகப் போட்ட தார் ரோடு மாதிரி பளபளத்தால் அந்தக் கணப்பில் தீ வைக்கவே வைக்காதீர்கள். கிரியோசோட் என்று அதற்குப் பெயர். ஈர விறகு முழுதாக எரியாமல் புகையும்போது, புகையோடு கிளம்பும் ஆவி சிம்னியின் குளிர்ந்த சுவரில் பட்டு ஒட்டிக் கெட்டியாகிறது. கறுப்பாக, எரிந்து முடிந்த பொருள் போலத் தெரிந்தாலும் நன்றாக எரியக்கூடியது அது. 3 மில்லிமீட்டர் கனம் சேர்ந்தாலே சுத்தம் செய்தாக வேண்டும் என்பது வழக்கத்தில் உள்ள கணக்கு. ஒரு பொறி போய் அதில் பற்றினால் சிம்னிக்குள்ளேயே தீ எழும்பும். சூடு 1000 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடும். பழைய சுண்ணாம்புக் காரை அந்தச் சூட்டில் விரிசல் விடும். விரிசலுக்கு அந்தப் பக்கம் இருப்பது கூரை மரம்.

ஆகவே வருடத்துக்கு ஒரு முறை, குளிர்காலம் தொடங்கும் முன்பே, சிம்னியைச் சுத்தம் செய்யுங்கள். சிம்னியின் அகலத்துக்கு ஏற்ற கம்பித் தூரிகையை நீண்ட தடியில் மாட்டியோ, கயிற்றில் எடை கட்டி மேலிருந்து இறக்கியோ தேய்க்க வேண்டும். கணப்பின் வாயைத் தார்ப்பாயால் மூடிவிட்டுத் தேய்த்தால் வீடு நாசமாகாது. கண்ணுக்குக் கண்ணாடி, மூக்குக்கு நல்ல மாஸ்க், கைக்கு உறை மூன்றும் வேண்டும். கரி எல்லாம் கீழே விழுந்த பிறகு ஒரு மணி நேரமாவது தூசி அடங்கவிட்டு, அப்புறம் அள்ளுங்கள். பளபளக்கும் கெட்டிப் படிவம் இந்தத் தூரிகைக்கு அசையாது. அது தெரிந்தவர்கள் செய்ய வேண்டிய வேலை. அதேபோல, அப்பாக்களே, கூரை மேல் நீங்களே ஏறாதீர்கள். மழை முடிந்த கையோடு ஓட்டிலெல்லாம் பாசி பிடித்திருக்கும். பழைய பங்களாக் கூரையில் வேலை பார்த்துப் பழகிய கொத்தனாரைக் கூப்பிடுங்கள். சிம்னியில் கல் பெயர்ந்திருக்கிறதா, மேல் வாயில் பறவையும் மழையும் புகாமல் கம்பி வலையும் மூடியும் இருக்கின்றனவா, பரணில் சிம்னியை ஒட்டிய இடத்தில் புகைக்கறை தெரிகிறதா என்று அவரையே பார்க்கச் சொல்லுங்கள். மாடியறைச் சுவரில் புதிதாக மஞ்சள் கறை தெரிந்தால் அதையும் அவரிடம் காட்டுங்கள்.

இந்த வேலையில் பிள்ளைகளைச் சேர்க்கவே கூடாது. சின்னக் கை உள்ளே போகும், கொஞ்சம் சுரண்டிக் கொடுக்கட்டும் என்று தோன்றலாம். இங்கிலாந்தில் ஒரு காலத்தில் அப்படி நினைத்துத்தான் நாலைந்து வயதுப் பையன்களைக்கூடச் சிம்னிக்குள் ஏற்றிவிட்டார்கள். மாட்டிக்கொண்டு மூச்சுத்திணறிச் செத்தவர்கள் உண்டு. தப்பி வளர்ந்தவர்களுக்குப் பின்னாளில் விதைப்பையில் புற்றுநோய் வந்தது. அதற்குக் காரணம் கரிதான் என்று 1775-இல் பெர்சிவல் பாட் என்ற லண்டன் அறுவை மருத்துவர் எழுதினார். ஒரு தொழிலில் படும் பொருளால் புற்றுநோய் வருகிறது என்று மருத்துவம் முதன்முதலில் கண்டுகொண்ட நோய்களில் அது ஒன்று. அப்படியிருந்தும் பையன்களை ஏற்றுவது உண்மையில் நின்றது, 1875-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகுதான். நூறு வருடம்! ஒரு ஆசிரியராக இதைப் படிக்கும் போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை. சுத்தம் செய்கிற நாளன்று பிள்ளைகளைப் பாட்டி வீட்டுக்கு அனுப்புங்கள். அல்லது பள்ளி நாளாகப் பார்த்து அந்த வேலையை வைத்துக்கொள்ளுங்கள்.

கரி சேராமல் இருக்க விறகு காய்ந்திருக்க வேண்டும். நம் ஊரில் அதுதான் கஷ்டம். தென்மேற்குப் பருவமழை முடிந்து விறகு உலர்வதற்குள் வடகிழக்கு வந்துவிடுகிறது. சீகையானாலும் கற்பூர மரமானாலும் பிளந்து அடுக்கி, மேலே கூரையும் பக்கங்களில் காற்றோட்டமும் இருக்கும்படி ஆறு மாதமாவது வைக்க வேண்டும். ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே வந்தால்தான் சுத்தமாக எரியும். அளக்கக் கருவி வேண்டாம்: வெட்டு முகத்தில் நட்சத்திரமாக வெடிப்பு ஓடியிருக்கும், பட்டை தானாகக் கழன்று வரும், இரண்டு துண்டை மோதினால் மொத்தென்று அடங்காமல் கணீரென்று ஒலிக்கும். பெயிண்ட் அடித்த பலகை, பிளைவுட், பிளாஸ்டிக் எதையும் கணப்பில் போடாதீர்கள். அந்தப் புகையில் நஞ்சு இருக்கிறது. மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்றவைப்பதும் வேண்டாம். சுள்ளி பொறுக்கிவரப் பிள்ளைகளை ஷோலாக் காட்டு ஓரத்துக்கு அனுப்பாதீர்கள் என்பதையும் இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன். காட்டெருமையும் கரடியும் இப்போது எங்கெல்லாம் நடமாடுகின்றன என்பது உங்களுக்கே தெரியும்.

மூட்டும்போது முதலில் தகட்டை முழுக்கத் திறங்கள். ஒரு செய்தித்தாளைச் சுருட்டிப் பற்றவைத்துச் சிம்னியின் வாய்க்கு நேரே பிடியுங்கள். உள்ளே நிற்கும் குளிர்ந்த காற்று சூடாகி மேலே ஏறும். அப்புறம் விறகின் புகை அதன் பின்னால் போய்விடும். அந்தக் காகிதப் புகை அறைப் பக்கமே திரும்பினால் அன்றைக்கு மூட்டாதீர்கள். சமையலறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடினாலும் புகை திரும்பும், ஏனென்றால் அது வீட்டுக் காற்றை வெளியே இழுத்துத் தள்ளுகிறது. அதற்கு ஈடான காற்று சிம்னி வழியாகத்தான் உள்ளே இறங்கும். ஜன்னலை இரண்டு விரல் அகலம் திறந்து வையுங்கள். குளிர் கொஞ்சம் உள்ளே வரத்தான் செய்யும், பரவாயில்லை.

கணப்புக்கு முன்னால் வலைத் தடுப்பு இருக்கட்டும். பிள்ளைகளும் மெத்தையும் சோபாவும் ஒரு மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். ஈரச் சீருடையைக் கணப்புக்கு முன்னால் நாற்காலியில் போட்டுக் காயவைப்பது பல வீடுகளில் வழக்கம். போன வாரம் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் ஸ்வெட்டரில் கைப்பக்கம் இழைகள் உருகி ஒட்டிக் கட்டியாகிக் கிடந்தன. நைலான் கலந்த நூல் அப்படித்தான், பற்றுவதற்கு முன்பே உருகித் தோலில் ஒட்டும். சீருடை காயவில்லை என்றால் ஈரமில்லாத வேறு உடையில் அனுப்புங்கள். யாரும் எதுவும் கேட்க மாட்டோம்.

இனிச் சொல்லப்போவதைத் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். கணப்பே இல்லாத வீடுகளில், இரவில் இரும்புச் சட்டியில் அடுப்புக்கரியைப் போட்டு மூட்டி, அந்தத் தணலைப் படுக்கும் அறைக்குள் கொண்டுபோய் வைக்கிறார்கள். கதவையும் ஜன்னலையும் சாத்திவிட்டுத் தூங்குகிறார்கள். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் இப்படித் தூங்கியவர்கள் காலையில் எழுந்திருக்காத செய்திகளை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். தணல் புகையவில்லை, அதனால் ஆபத்தில்லை என்று நினைக்கிறோம். தணலிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்க வேண்டிய ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் அதிகமான வலிமையோடு பிடித்துக்கொள்கிறது. தூக்கத்தில் இருப்பவருக்கு இருமல்கூட வராது. தூக்கம் ஆழமாகிக்கொண்டே போகும், அவ்வளவுதான். சிம்னி அடைத்த கணப்பிலும், தணல் அணைவதற்கு முன்பே தகட்டை மூடிய கணப்பிலும் இதே வாயுதான் அறையில் நிறையும். அதனால் கரிச்சட்டியை வீட்டுக்குள் வைக்கவே வைக்காதீர்கள். கணப்பு என்றால், படுக்கப் போகும் முன்பு தீ முழுதாக அணைந்திருக்க வேண்டும். ஆறும்வரை தகடு திறந்தே இருக்க வேண்டும். காட்டேஜில் வேலை பார்க்கும் பெற்றோர்கள், தங்க வரும் விருந்தினர்களிடமும் இதை வாய்விட்டுச் சொல்லுங்கள். சமவெளியிலிருந்து வருகிறவர்களுக்குக் கணப்பே புதிது. முடிந்தவர்கள் படுக்கையறையில் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று வாங்கி மாட்டுங்கள்.

காலையில் பிள்ளைக்குத் தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு, ஆனால் காய்ச்சல் இல்லை. பள்ளிக்கு வந்து இரண்டாவது பீரியடுக்குள் சரியாகிவிடுகிறது. வீட்டில் மற்றவர்களுக்கும் அப்படியே இருக்கிறது என்றால், மாத்திரை கொடுத்துவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். அன்று இரவே கணப்பை நிறுத்துங்கள், டாக்டரிடம் போகும்போது வீட்டில் தீ மூட்டியதையும் சொல்லுங்கள். முதல் பீரியடில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்காரும் பிள்ளைகளிடம் வீட்டில் இரவு என்ன மூட்டினீர்கள் என்று விசாரிக்கும்படி வகுப்பாசிரியர்களுக்கும் சொல்லியிருக்கிறேன். யாராவது மூச்சுப்பேச்சில்லாமல் கிடந்தால் முதலில் கதவைத் திறந்து அவரை வெளிக்காற்றுக்கு இழுத்து வந்து, பிறகு 108-ஐக் கூப்பிடுங்கள்.

சாம்பலைப் பற்றியும் கொஞ்சம். மேலே வெள்ளையாக ஆறிக் கிடக்கும் சாம்பலுக்குள் கங்கு நான்கு நாள்கூட உயிரோடு இருக்கும். பிளாஸ்டிக் வாளியிலோ சாக்கிலோ அள்ளாதீர்கள். மூடியுள்ள இரும்புத் தகர டின்னில் அள்ளி, வீட்டிலிருந்தும் விறகுக் குவியலிலிருந்தும் மூன்று மீட்டருக்கு அப்பால், மண் தரையில் வையுங்கள். ஒரு வாரம் கழித்துத் தோட்டத்தில் போடலாம். கேரட், பீட்ரூட் பாத்திக்குக் கொஞ்சமாகத் தூவலாம். உருளைக்கிழங்குப் பாத்தியில் மட்டும் வேண்டாம். சாம்பல் மண்ணின் புளிப்பைக் குறைப்பதால் கிழங்கில் சொறிநோய் கூடும். தேயிலைக்கும் ஆகாது. விறகு எரிக்கும் கணப்பில் அடியில் ஒரு விரல் கனம் சாம்பலை விட்டுவைப்பது நல்லதுதான், தணல் நிற்கும். அதற்கு மேல் சேரவிட வேண்டாம்.

சிம்னிக்குள் திடீரென்று 'ஹோ'வென்று இரைச்சல் கேட்டாலோ, மேலே பொறி பறந்தாலோ உள்ளே தீப்பிடித்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், கொதிக்கிற கல்லில் பட்டால் கல் வெடிக்கும், ஆவி முகத்தில் அடிக்கும். எல்லோரும் வெளியே வந்துவிட்டு, 101-க்கோ 112-க்கோ போன் செய்யுங்கள். சாமான் எடுக்க யாரும் உள்ளே திரும்பிப் போக வேண்டாம். தீக்காயம் பட்டால் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பேஸ்ட், இங்க், நெய் எதுவும் தடவக் கூடாது.

வாடகை வீட்டில் இருக்கும் சிலர், சிம்னியைச் சுத்தம் செய்யச் சொன்னால் ஓனர் காது கொடுப்பதில்லை என்று என்னிடம் சொல்லியிருக்கிறீர்கள். வீட்டு விலாசத்தை எழுதிக் கொடுங்கள். பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களோடு நானே நேரில் வந்து அவரிடம் பேசுகிறேன். செலவுதான் தடை என்றால் அதையும் கூச்சப்படாமல் சொல்லுங்கள். ஒரே வரிசையில் இருக்கும் வீடுகளுக்குச் சேர்த்து ஒரு கொத்தனாரைப் பேசி ஏற்பாடு செய்யப் பார்க்கலாம்.

இத்துடன் உள்ள சீட்டில் உங்கள் வீட்டில் இருப்பது கணப்பா, கரிச்சட்டியா, ஹீட்டரா, சிம்னியைக் கடைசியாக எப்போது சுத்தம் செய்தீர்கள் என்று எழுதிக் கையெழுத்திட்டு, வரும் திங்கட்கிழமை வகுப்பாசிரியரிடம் கொடுத்து அனுப்புங்கள். அரையாண்டுத் தேர்வு தொடங்கும் முன்பே எல்லாச் சீட்டையும் நான் பார்த்து முடித்துவிட வேண்டும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்